மலிவு வாக்கிடாக்கியில் விமானப் பேச்சைக் கேட்பது எப்படி?

கேள்வி இதுதான். மலிவான கையடக்க வாக்கிடாக்கி ஒன்றை வாங்கியிருக்கிறார் ஒருவர். பக்கத்து விமான நிலைய டவரின் அலைவரிசை 118.1 என்று எங்கோ பார்த்து அதைத் தட்டியிருக்கிறார். அரைமணி நேரம் வெறும் மௌனம். ஒரே ஒரு முறை ஒரு பைலட்டின் குரல் பாதியாக வந்து அறுந்தது. அவருக்கு டவர் சொன்ன பதில் கேட்கவே இல்லை. “புரோகிராம் செய்ததில் தப்பா? கேபிள் வாங்கி கம்ப்யூட்டர் வழியாகப் போட்டால் சரியாகுமா?” என்கிறார்.

கேபிள் வாங்குவதை ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். இதில் புரோகிராமிங் சின்ன வேலை. கம்ப்யூட்டரே இல்லாமல் விசைகளைத் தட்டி ஒரு நிமிடத்தில் முடித்துவிடலாம். ஆட்கள் மாட்டிக்கொள்வது வேறு இரண்டு இடங்களில். ஒன்று, கையிலிருக்கும் ரேடியோவுக்கு ஏ.எம். (அலையின் உயரத்தை ஏற்றி இறக்கிப் பேச்சை அனுப்பும் முறை) என்றால் என்னவென்றே தெரியாது. இரண்டு, ரேடியோ நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பேசுகிறவர் அதன் பார்வையில் இல்லை. முதலாவதைப் பார்க்காமல் மற்றதைப் பேசிப் பயனில்லை என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

விமானங்கள் பேசுவது 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையில். அதற்குக் கீழே 108 முதல் 118 வரை வழிகாட்டும் கருவிகளுக்கானது. இந்தப் பட்டையில் பேச்சு முழுக்க ஏ.எம். நாம் வாங்கும் வாக்கிடாக்கிகளோ பிறவியிலேயே எஃப்.எம். சாதனங்கள், அதாவது உயரத்தை விட்டுவிட்டு அதிர்வை நகர்த்திப் பேச்சை அனுப்புபவை. உலகம் முழுக்கப் பரவிய பாஃபெங் யூ.வி-5ஆர் மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ரேடியோ பகுதி 136-லிருந்து 174 வரையும், 400-லிருந்து 520 வரையும் அலைகளை வாங்கும். பாட்டுக் கேட்கும் எஃப்.எம். பகுதி 108-ல் நின்றுவிடும். நமக்கு வேண்டியது சரியாக இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. “சாஃப்ட்வேரில் எல்லையை 108 என்று மாற்றி எழுதினால் போதும்” என்று சிலர் சொல்வார்கள். எழுதினால் திரையில் எண் வரலாம். காதில் ஒன்றும் வராது, ஏனென்றால் உள்ளேயிருக்கும் ஆர்.டி.ஏ.1846 சிப்பின் கீழ் எல்லையே 134 மெகாஹெர்ட்ஸ்தான்.

136-க்கும் 137-க்கும் இடையிலான ஒரு மெகாஹெர்ட்ஸ் மட்டும் அந்த ரேடியோவின் எல்லைக்குள் வருகிறதே என்று கேட்கலாம். அங்கே விமானம் பேசும்போது கேட்டுப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். உஸ்ஸென்ற இரைச்சல் சட்டென்று அடங்கும். பேச்சு வராது. சில விநாடிகள் கழித்து இரைச்சல் திரும்பும். எஃப்.எம். ரிசீவர் அலையின் உயரத்தை வெட்டிச் சமப்படுத்திவிட்டு அதிர்வு எவ்வளவு நகர்கிறது என்பதை மட்டும் பார்க்கிறது. ஏ.எம்.மில் பேச்சு இருப்பதே அந்த உயரத்தில்தான். அரிசியைக் கொட்டிவிட்டு உமியை அளந்து பார்க்கிற கதை.

ஆகவே முதல் வேலை, உங்கள் மாடலின் விவரக் குறிப்பில் “108–136, ஏ.எம்., ரிசீவ் மட்டும்” என்ற வரி இருக்கிறதா என்று பார்ப்பது. க்வான்ஷெங் யூ.வி-கே5, பாஃபெங் யூ.வி-17 புரோ, டிட்ரேடியோ டிடி-எச்3 போன்றவற்றில் இருக்கிறது. “108-லிருந்து வாங்கும்” என்று மட்டும் எழுதி ஏ.எம். என்ற சொல் இல்லாவிட்டால் சந்தேகப்படுங்கள். உங்களுக்குப் பாதிக் குரலாவது வந்திருக்கிறது, ஆகவே உங்களுடையதில் ஏ.எம். இருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன். யூ.வி-5ஆர் வைத்திருப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொண்டு வேறு ரேடியோ பார்ப்பது நல்லது. அதைப் புரோகிராம் செய்து இதைச் சாதிக்க முடியாது.

இந்தக் காலத்திலும் விமானத் துறை ஏன் ஏ.எம்.மைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பலர் கேட்பதுண்டு. பழைய கருவிகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொன்று சுவையானது. எஃப்.எம்.மில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவான அலை மற்றதை முழுசாக விழுங்கிவிடும். இன்னொருவர் பேசினார் என்பதே தெரியாது. ஏ.எம்.மில் இரண்டும் மோதி கீச்சென்று ஒரு சத்தம் வரும். யாரோ குறுக்கே பேசிவிட்டார்கள், திரும்பச் சொல்லச் சொல்ல வேண்டும் என்று தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கன்ட்ரோலருக்குப் புரியும். ஆனால் அந்தக் கீச்சு எச்சரிக்கை மட்டும்தான், செய்தி அல்ல. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரீஃப் தீவு ஓடுபாதையில் இரண்டு 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தபோது, கே.எல்.எம். விமானத்தைக் காத்திருக்கச் சொன்ன டவரின் குரலும், தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்ற பான் ஆம் விமானியின் குரலும் ஒரே நொடியில் மோதின. கே.எல்.எம். காக்பிட்டில் கேட்டது பெரும்பாலும் அந்தக் கீச்சுத்தான். உங்கள் ரேடியோவிலும் என்றாவது ஒரு நாள் அது கேட்கும். ரேடியோ பழுது என்று நினைத்துவிடாதீர்கள்.

சரி, தட்டுகிற வேலைக்கு வருவோம். ரேடியோவைச் சேனல் முறையிலிருந்து அலைவரிசை முறைக்கு மாற்றுங்கள், அதாவது திரையில் சேனல் எண் போய் நேரடியாக மெகாஹெர்ட்ஸ் தெரிகிற முறை. யூ.வி-கே5-ல் எஃப் பட்டனை அழுத்தி 3. அதே ரேடியோவில் எஃப் பட்டனை அழுத்தி 1 தட்டினால் பட்டைகள் ஒவ்வொன்றாக மாறும். 108 பட்டைக்கு வந்து 1, 1, 8, 1, 0, 0 என்று ஆறு இலக்கங்களையும் தட்டுங்கள். மெனுவில் ஏ.எம். என்றோ டிமாடுலேஷன் என்றோ ஒரு வரி இருக்கும், அதை ஏ.எம்.முக்கு மாற்றுங்கள். ஸ்டெப், அதாவது ஒரு தட்டுக்கு அலைவரிசை நகரும் அளவு, 25 கிலோஹெர்ட்ஸ். சேமித்து வைக்க ‘மெம்-சிஹெச்’ என்ற மெனு. காலியான சேனல் எண்ணைத் தேர்ந்தெடுத்து உறுதி செய்தால் முடிந்தது. மற்ற மாடல்களில் பட்டன் மாறும், வரிசை மாறாது.

நான்கைந்து சேனலுக்கு மேல் போட வேண்டுமென்றால்தான் கேபிளும் சிர்ப் என்கிற இலவச மென்பொருளும். கேபிளின் ஒரு முனையில் கென்வுட் வகை இரட்டைப் பின், மறு முனையில் யூ.எஸ்.பி. அந்த யூ.எஸ்.பி. முனைக்குள் ஒரு சின்ன சிப் இருக்கிறது, கூத்தெல்லாம் அதில்தான். விலை குறைந்த கேபிள்களில் பிரபல சிப் ஒன்றின் நகல் இருக்கும். அசல் நிறுவனத்தின் புதிய டிரைவர் நகலைக் கண்டுபிடித்து வேலை செய்ய மறுத்துவிடும். சி.ஹெச்.340 சிப் உள்ள கேபிளாகப் பார்த்து வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை. எனக்கு வாய்த்த முதல் கேபிளில் இரண்டு மாலைகள் போயின. டிரைவரை நீக்கினேன், பழையதைப் போட்டேன், வேறு கணினியில் பார்த்தேன். கடைசியில் பார்த்தால் பிளக் முழுசாக உள்ளே போகவே இல்லை! பிளாஸ்டிக் உறை ரேடியோவின் விளிம்பில் இடித்து ஒரு மில்லிமீட்டர் மிச்சம் நின்றிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன், ‘டக்’ என்றது, அடுத்த நொடி தரவு ஓடியது. ஆகவே டிரைவரைத் திட்டுவதற்கு முன் பிளக்கை அழுத்திப் பாருங்கள். சத்தத்தையும் ஓரளவு உயர்த்தி வைத்துக்கொள்ளுங்கள்.

சிர்ப்பில் முதலில் செய்வது ரேடியோவில் இருப்பதை அப்படியே கணினிக்கு இறக்குவது. அதைத் தேதி போட்டுத் தனியாகச் சேமித்துவிடுங்கள், தொடாதீர்கள். அப்புறம் அதன் நகலில் மாற்றம் செய்து திருப்பி ஏற்றுங்கள். வேறு யாரோ தந்த கோப்பை நேராக உங்கள் ரேடியோவில் ஏற்றாதீர்கள். உங்கள் ரேடியோவின் ஃபர்ம்வேர் (உள்ளே ஓடும் மென்பொருள்) பதிப்பு வேறாக இருந்தால் விநோதங்கள் நடக்கும். தேவையான வரிகளை மட்டும் அதிலிருந்து நகலெடுத்து ஒட்டுவதில் தவறில்லை.

ஒரு சேனலுக்கான வரி எப்படி இருக்க வேண்டும்? அலைவரிசை 118.100. பெயர் ‘டவர்’. டோன் எதுவும் வேண்டாம். சி.டி.சி.எஸ்.எஸ். என்ற அடையாள டோன் தவறுதலாக இருந்துவிட்டால் ஸ்கெல்ச், அதாவது அலை வராதபோது இரைச்சலை அடைத்து வைக்கும் கதவு, திறக்கவே திறக்காது, விமானங்கள் அந்த டோனை அனுப்புவதில்லை. மோடு ஏ.எம். ஸ்டெப் 25. டூப்ளெக்ஸ் என்ற கட்டத்தில் ‘ஆஃப்’. இந்தக் கடைசி ஒன்றை மறக்காதீர்கள். அது அந்தச் சேனலில் ஒலிபரப்பையே முடக்கி வைக்கிறது. பெரும்பாலான ரேடியோக்கள் விமானப் பட்டையில் எப்படியும் ஒலிபரப்பாது, ஆனாலும் பூட்டு இரண்டாக இருப்பதில் நஷ்டமில்லை.

எந்த அலைவரிசைகளைப் போடுவது? ஒவ்வொரு நாட்டின் விமானப் போக்குவரத்து அமைப்பும் ஏ.ஐ.பி. என்ற வான்வழித் தகவல் தொகுப்பை வெளியிடுகிறது. அதில் விமான நிலையம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பகுதி உண்டு. அதில் 2.18 என்று எண்ணிட்ட பிரிவுதான் தகவல்தொடர்பு வசதிகள். எண்ணும் தலைப்பும் எல்லா நாட்டிலும் ஒன்றே. அடுத்த 2.19 வழிகாட்டும் கருவிகள். எங்கோ கிடைத்த பழைய பட்டியலைவிட இது நம்பகமானது, ஏனென்றால் அலைவரிசைகள் அவ்வப்போது மாறும். நீங்கள் பார்த்த 118.1 இன்னமும் அந்த டவருடையதுதானா என்பதையும் அங்கேயே சரிபாருங்கள். ஏட்டிஸ் (நிலையத் தகவலைத் திரும்பத் திரும்பப் படிக்கும் ஒலிபரப்பு), கிரவுண்ட் (தரையில் ஊர்பவை), டவர் (ஓடுபாதை), அப்ரோச் (நிலையத்தை நெருங்குபவை), ஏரியா (உயரத்தில் கடந்து போகிறவை) என்று ஐந்தாறு வரி கிடைக்கும். கூடவே 121.5-ஐப் போடுங்கள், அது உலகம் முழுவதற்குமான அவசர அலைவரிசை. கடலுக்கு மேலும் ஆளில்லாப் பகுதிகளிலும் விமானிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள 123.45. வானிலை எப்படி, குலுக்கல் எந்த உயரத்தில் என்று அங்கே பேச்சு ஓடும்.

எண்களில் ஒரு பொடிவைத்த இடம் இருக்கிறது. 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 118.000 முதல் 136.975 வரை 760 சேனல்கள். ஐரோப்பாவில் இது போதாமல் ஒவ்வொரு 25-ஐயும் மூன்றாகப் பிளந்து 8.33 கிலோஹெர்ட்ஸ் ஆக்கினார்கள். உயர வான்வெளியில் 1999-ல் அது கட்டாயமானது. குழப்பம் என்னவென்றால், அந்தச் சேனல்களின் பெயர் வேறு, உண்மையான அலைவரிசை வேறு. 132.005 என்ற பெயருக்கு உண்மையான அலை 132.000. 132.010 என்றால் 132.00833. 132.015 என்றால் 132.01667. பின்னிரண்டில் வித்தியாசம் ஒன்றரை கிலோஹெர்ட்ஸுக்குச் சற்று மேல், பெயரையே தட்டினாலும் நன்றாகக் கேட்கும். முதலாவதில் 5 கிலோஹெர்ட்ஸ் விலகிவிடுகிறது, குரல் கரகரத்துச் சிதையும். ஆக .005, .030, .055, .080 என்று முடிந்தால் ஐந்தைக் கழித்துப் போடுங்கள். மற்றவற்றை அப்படியே போடலாம். உங்கள் பகுதியில் 25 மட்டுமே என்றால் இந்தக் கவலையே இல்லை. அங்கே யாராவது சுருக்கமாக “124.27” என்று சொன்னால் அது 124.275, “.22” என்றால் .225.

இனி அமைப்புகள். வாக்கிடாக்கிப் பேச்சுக்கும் விமானப் பேச்சுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் நீளம். விமானத்தில் பேச்சு மூன்று நான்கு விநாடியில் முடிந்துவிடும். ரேடியோவின் பேட்டரி சேமிப்பு அமைப்பு என்ன செய்கிறது? தூங்கித் தூங்கி எழுந்து பார்க்கிறது. அது எழுவதற்குள் விமானத்தின் அழைப்புப் பெயர் போய்விடும், அதுதான் அந்த வாக்கியத்திலேயே முக்கியமான சொல். ஆகவே ‘சேவ்’ ஆஃப். இரண்டு சேனலை மாறி மாறிப் பார்க்கும் டூயல் வாட்சும் ஆஃப். ஸ்கெல்ச்சை ஒன்றுக்கோ இரண்டுக்கோ இறக்குங்கள். தொழிற்சாலை அமைப்பில் நான்கைந்து இருந்தால் தூரத்து விமானம் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போகும். சந்தேகம் வந்தால், ஸ்கெல்ச்சைத் திறந்து வைக்கும் மானிட்டர் பட்டனை அழுத்தி இரைச்சலோடு கேளுங்கள். உங்களுக்குக் குரல் பாதியில் அறுந்ததற்குக் காரணம் ஸ்கெல்ச்சாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். குரல் பலவீனமாகும் போதெல்லாம் அது கதவைச் சாத்தியிருக்கும்.

ஸ்கேனிங் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. மலிவு ரேடியோக்களின் ஸ்கேன் மெதுவானது. இருபது சேனலைச் சுற்றி வருவதற்குள் பேச்சு முடிந்துவிடும். ஐந்துக்குள் வைத்துக்கொண்டால் பரவாயில்லை. ஏட்டிஸை ஸ்கேனில் சேர்க்காதீர்கள், அது ஓயாமல் ஒலிப்பதால் ரேடியோ அங்கேயே குடியிருந்துவிடும். 131.550 போன்ற இடங்களில் ‘கர்ர்ர்’ என்று சின்னச் சின்ன வெடிப்புகள் கேட்டால் அவை ஏகார்ஸ் தரவுச் செய்திகள், விமானமும் நிறுவனமும் எழுத்தில் பேசிக்கொள்வது. அவற்றையும் விட்டுவிடுங்கள்.

எல்லாம் போட்டாயிற்று, ஒன்றும் கேட்கவில்லை. ரேடியோவில் கோளாறா, வானத்தில் ஆளில்லையா? இதைப் பிரித்தறிய, ஓயாமல் ஒலிக்கும் ஏதாவது ஒன்று வேண்டும். அதற்குத்தான் ஏட்டிஸ். நிலையத்தின் காற்று, தெரிவுநிலை, பயன்பாட்டில் இருக்கும் ஓடுபாதை ஆகியவற்றை இயந்திரக் குரல் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் ஆல்ஃபா, பிராவோ என்று ஓர் எழுத்து. நிலையத்துக்கு அருகே போய் இது கேட்டால் உங்கள் ஏ.எம். சரி, அலைவரிசை சரி, ஆன்டெனா ஓரளவு சரி.

ஏட்டிஸ் இல்லாத சின்ன நிலையமா? வி.ஓ.ஆர். என்ற வழிகாட்டி நிலையம் அருகில் இருந்தால் அதன் அலைவரிசையைப் போட்டு ஏ.எம்.மில் கேளுங்கள். 108-க்கும் 118-க்கும் இடையில் இருக்கும். ஒருவித ரீங்காரத்துக்கு மேலாக மெதுவான மோர்ஸ் ஒலியில் மூன்றெழுத்து வரும், கொஞ்ச நேரம் விட்டு அதே மூன்றெழுத்து மறுபடியும். மோர்ஸ் தெரியாதவரும் கோடு புள்ளிகளைத் தாளில் குறித்து அட்டவணையோடு ஒப்பிட்டுவிடலாம், அவ்வளவு நிதானம். நான் புதிதாக எந்த ரேடியோவைத் தொட்டாலும் முதலில் செய்வது இதைத்தான். பேச்சுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, பத்தே நிமிடத்தில் ரேடியோவின் யோக்கியதை தெரிந்துவிடும்.

இப்போது உங்கள் இரண்டாவது புகார்: பைலட் கேட்கிறார், டவர் கேட்கவில்லை. இது எல்லோருக்கும் அப்படித்தான். இந்த அலைகள் நேர்கோட்டில் போகும், பூமியின் வளைவைத் தாண்டிப் பெரிதாக வளையாது. எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கு ஒரு சுலபக் கணக்கு: உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர். 35,000 அடி, அதாவது சுமார் 10,700 மீட்டரில் பறக்கும் விமானத்துக்கு வர்க்கமூலம் 103 சொச்சம். பெருக்கினால் 425 கிலோமீட்டர். டவரின் ஆன்டெனா 30 மீட்டர் உயரத்தில் இருந்தால் 22 அல்லது 23 கிலோமீட்டர். தரையில் நிற்கும் உங்கள் கை உயரத்துக்கு ஐந்து. மொத்தம் 28-ஐத் தாண்டாது, அதுவும் நடுவில் கட்டடமும் மேடும் இல்லாவிட்டால். ஆகவே பக்கத்து மாநில வானத்தில் போகும் விமானம் தெளிவாகப் பேசும், பக்கத்து ஊர் டவர் வாய் திறக்காது. பத்து மீட்டர் உயர மொட்டைமாடிக்கு ஏறினால் உங்கள் பங்கு ஐந்திலிருந்து பதின்மூன்று ஆகிறது. எந்தப் புரோகிராமும் தராத லாபம் இது. வீட்டுக்குள்ளே கேட்பது நஷ்டக் கணக்கு. கான்கிரீட் ஒரு பக்கம் தடுக்கும். எல்.ஈ.டி. விளக்கும் போன் சார்ஜரும் எழுப்பும் மின் இரைச்சலை எஃப்.எம். ஓரளவு கண்டுகொள்ளாது, ஏ.எம். அப்படியே வாங்கிக் காதில் கொட்டும். ரேடியோவைச் சார்ஜில் போட்டுக்கொண்டே கேட்பதும் கூடாது.

அடுத்தது ஆன்டெனா. கூட வரும் கறுப்பு ரப்பர் ஆன்டெனா 145, 435 மெகாஹெர்ட்ஸுக்காகச் சுருட்டப்பட்டது, 120-களில் அது அரைச் செவிடு. கால் அலைநீளக் கணக்கு: 75-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டர். 125-க்கு 60 சென்டிமீட்டர். நீட்டிச் சுருக்கும் டெலஸ்கோப் ஆன்டெனா ஒன்றை அந்த நீளத்துக்கு இழுத்துச் செங்குத்தாகப் பிடியுங்கள், வித்தியாசம் உடனே தெரியும். இந்த வகை ரேடியோக்களில் பெரும்பாலும் ரேடியோ பக்கம் நடுவில் ஊசி இருக்கும், ஆகவே ஆன்டெனா பக்கம் துளையுள்ள எஸ்.எம்.ஏ. பெண் இணைப்பு வேண்டும். பார்க்காமல் வாங்கி மாட்டிக்கொள்கிறவர்கள் அதிகம். இன்னொரு 60 சென்டிமீட்டர் ஒயரை எடுத்து ஆன்டெனா இணைப்பின் வெளி வளையத்தைத் தொடுமாறு சுற்றி, கீழே தொங்கவிட்டால் இன்னும் கொஞ்சம் கூடும். பார்க்க எலிவாலை மாட்டியது போல இருக்கும், ஆனால் வேலை செய்யும்.

ஆன்டெனா பெரிதானால் நல்லது என்று போய்க்கொண்டே இருக்கவும் முடியாது. இந்த ரேடியோக்களின் சிப், யூ.வி-கே5-ல் இருக்கும் பி.கே.4819 உட்பட, எஃப்.எம்.முக்காக வடிவமைத்தது. ஏ.எம். அதற்கு மாற்றாந்தாய்ப் பிள்ளை. வலுவான அலை வந்தால் உள்ளே நுழையும் அளவைக் குறைத்துக்கொள்ளும் சாமர்த்தியம் ஏ.எம்.மில் அதற்குப் போதாது. விளைவு, தலைக்கு மேலே போகும் விமானத்தின் குரல்தான் தகரத்தைக் கிழித்தாற்போல உடைந்து வரும், தூரத்து விமானம் தெளிவாக இருக்கும். அப்போது ஆன்டெனாவைச் சுருக்குங்கள். சிரிப்பாக இருக்கிறதா? செய்து பாருங்கள். பக்கத்தில் எஃப்.எம். வானொலிக் கோபுரம் இருந்து, விமானப் பட்டையில் பாட்டு கசிந்தால் அதுவும் இதே நோய்தான். எஃப்.எம். பட்டையை மட்டும் வடிகட்டும் சின்ன ஃபில்டர் தனியாகக் கிடைக்கிறது.

யூ.வி-கே5-க்கு ஆர்வலர்கள் எழுதிய திறந்த ஃபர்ம்வேர்கள் இருக்கின்றன. அவற்றில் சில, அலையின் பலத்தைப் பார்த்து முன்பகுதிப் பெருக்கத்தைத் தாங்களே ஏற்றி இறக்கி இந்த உடைசலைப் பெருமளவு சரிசெய்கின்றன. போட விரும்பினால் பேசும் பட்டனை அழுத்திக்கொண்டே ரேடியோவை ஆன் செய்ய வேண்டும். டார்ச் விளக்கு எரிந்தால் தயார் என்று அர்த்தம். அதற்கு முன் ரேடியோவின் அளவுத்திருத்தத் தரவை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது ஒவ்வொரு ரேடியோவுக்கும் தனி, போனால் போனதுதான். வெளியே ஒரே மாதிரி இருந்தும் உள்ளே வேறு புராசஸர் உள்ள பதிப்புகளும் வந்துவிட்டன, பழைய ஃபர்ம்வேர் அவற்றுக்குப் பொருந்தாது.

இந்த ஃபர்ம்வேர்களில் சில, ஒலிபரப்புப் பூட்டையும் திறக்க வழி தருகின்றன. அந்தப் பக்கமே போகாதீர்கள். கையில் இருக்கும் ஐந்து வாட் டவருக்குக் குறுக்கே விழப் போதுமானது, நீங்கள் அனுப்புவது எஃப்.எம். என்பதால் அங்கே பேச்சாகக்கூடக் கேட்காது, ஒரு தடையாக மட்டும் நிற்கும். பையில் கிடக்கும்போது பேசும் பட்டன் அழுந்தினாலே போதும். விசைப்பூட்டு பல மாடல்களில் பேசும் பட்டனைப் பூட்டாது என்பதால்தான் டூப்ளெக்ஸ் ஆஃப் என்று மேலே அடித்துச் சொன்னேன். கேட்பது மட்டும் என்றாலும் சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் தடையில்லை, பிரிட்டனில் உங்களுக்கென்று அனுப்பப்படாததைக் கேட்பதே குற்றம். உங்கள் ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பயணியாக விமானத்துக்குள் உட்கார்ந்துகொண்டு இதை ஆன் செய்யும் யோசனையும் வேண்டாம்.

முதல் சில நாட்கள் பேச்சு புரியாது. வேகம், உச்சரிப்பு, இரைச்சல் மூன்றும் சேர்ந்து மிரட்டும். ஆனால் ஒழுங்கு ஒன்றுதான்: யாரை அழைக்கிறோம், நாம் யார், என்ன வேண்டும். கன்ட்ரோலர் சொன்னதைப் பைலட் அப்படியே திருப்பிச் சொல்வார். டவர் கேட்காத உங்களுக்கு அதுதான் வரம்; டவர் என்ன சொன்னது என்பது பைலட் வாயாலேயே வந்துவிடும். விமானத் தடம் காட்டும் செயலி ஒன்றைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டால் தலைக்கு மேலே இருப்பது யார் என்று தெரியும். அழைப்புப் பெயர் நிறுவனத்தின் பெயராகவே இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பிரிட்டிஷ் ஏர்வேஸ் ‘ஸ்பீட்பேர்ட்’, தென்னாப்பிரிக்க ஏர்வேஸ் ‘ஸ்பிரிங்பாக்’.

ஒரு விமானம் ஒரு கன்ட்ரோலரிடமிருந்து அடுத்தவருக்குப் போகும்போது புதிய அலைவரிசையைச் சொல்லி அனுப்புவார்கள், பைலட் அதையும் திருப்பிச் சொல்வார்: ஒன் டூ ஃபோர் டெசிமல் என்று தொடங்கும் அந்த எண்ணைக் கேட்டவுடன் தாளில் குறியுங்கள், ரேடியோவில் தட்டுங்கள். இரண்டு மூன்று விநாடியில் அதே குரல் அங்கே வந்து வணக்கம் சொல்லும். எந்தப் பட்டியலிலும் உங்கள் கண்ணில் படாத ஏரியா அலைவரிசைகள் இப்படித்தான் கிடைக்கும். என் ரேடியோவில் இருக்கும் சேனல்களில் பாதிக்கு மேல் அப்படி எழுதிக்கொண்டவைதான்.